செத்த ரேடியோ பாடும் வீடு: பூந்தமல்லிக்கு ஒரு மாலைப் பயணம்

இதைப் படிக்கப்போகும் எட்டுப் பேருக்கும் முதலில் ஒரு வேண்டுகோள். காலில் விழுந்து கேட்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கங்களை உங்கள் எட்டுப் பேரைத் தவிர வேறு யாருக்கும் காட்டாதீர்கள். தமிழ் மிஸ் கேட்டால், இந்த மாதம் நம் கையெழுத்துப் பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். எங்கள் சபைப் பிள்ளைகள் மூன்று பேர் நம் பள்ளியில் படிக்கிறார்கள். அவர்கள் கண்ணில் ஒரு வரி பட்டாலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் அப்பா காதுக்குப் போய்விடும். அப்பா சபையில் மூப்பர். சபைப் பாட்டு அல்லாத உலகப் பாட்டு என் வாயில் இன்னொரு தடவை வந்தால் பத்தாம் வகுப்பைத் திண்டிவனம் பக்கத்து ஹாஸ்டலில்தான் படிக்கவேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்துவிடுவார்.

போன இதழில் சுமதி மாமல்லபுரம் போய்வந்ததை எழுதியிருந்தாள். நான் போனது அவ்வளவு தூரமில்லை. திருநின்றவூரிலிருந்து பூந்தமல்லிக்கு. ஆனால் நான் எங்கே போக ஆசைப்பட்டேனோ அந்த இடத்துக்கு ரயிலும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் முன்பு அம்பத்தூரில் குடியிருந்தோம். ஒரே வீட்டைச் சுவர் எழுப்பி இரண்டாகத் தடுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் டாலி ஆன்ட்டி. ஆங்கிலோ இந்தியர். கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்து இறந்துபோனவர். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஆன்ட்டியின் ரேடியோவில் கடல் தாண்டி ஒரு நிகழ்ச்சி வரும். ஒருவர் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். நேயர்கள் எழுதிய கடிதங்களைப் படிப்பார். பல்பொடி விளம்பரம் வரும். இடையிடையே அமெரிக்கக் கிராமத்துப் பாட்டுகள். ஆன்ட்டி அவற்றைக் 'கன்ட்ரி' என்பார். கிடாரோடு ஒருவர் பாடிக்கொண்டே வருவார், திடீரென்று குரல் உடைந்து மேலே ஏறிப்போகும். எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. சொற்கள் எதுவும் புரியாது. ஆனால் யாரோ வீட்டுக்குத் திரும்பி வரமுடியாமல் எங்கேயோ நிற்கிறார் என்பது மட்டும் புரியும். சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நானும் மெதுவாகத் திருப்பிப் பாடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆன்ட்டி சிரிப்பது கேட்கும்.

அப்பா ஒன்றும் சொன்னதில்லை. சரியாக எட்டு மணிக்கு எழுந்துபோய், கரன்ட் மிச்சம் என்று ஃபேனை நிறுத்துவார். அப்புறம் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்கும். அவருடைய கஞ்சத்தனம் எனக்கு வசதியாகப் போயிற்று என்று அப்போது நினைத்தேன்.

பிறகு திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டி வந்துவிட்டோம். வந்த வருஷமே அப்பா இந்தச் சபையில் சேர்ந்தார். வீட்டில் ரேடியோ கிடையாது, டி.வி. கிடையாது. புது வீட்டில் எல்லாச் சுவரும் எங்கள் சுவர்தான். காதை வைத்தால் எறும்பு ஊருவதுகூடக் கேட்காது. ஆன்ட்டியும் அம்பத்தூரைக் காலி செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

போன மாதம் கலா சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கதை சொன்னாளே, ஞாபகம் இருக்கிறதா? அவள் தெருவில் ஒரு வீட்டில் செத்துப்போன ரேடியோ பாடுகிறது என்று. நீங்கள் எல்லோரும் பேய்க்கதை என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பிறகு தனியாகக் கேட்டேன். "கவுன் போட்ட ஒரு பாட்டிம்மா. கிடார் வச்சினு கீது," என்றாள்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை மாலையில்தான் அந்த ரேடியோ பாடும். அன்று அப்பாவுக்கு எப்போதும் ஓவர்டைம். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலிருந்து வர ஒன்பது மணி ஆகிவிடும். கர்த்தரே வழி திறந்தார் என்று நினைத்தேன். இப்படி நினைத்ததற்காகவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அம்மாவிடம் ஆவடியில் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு இன்று கிளம்பினேன்.

இனி வழி. திருநின்றவூரில் மதியம் இரண்டே முக்கால் மின்சார ரயில். எனக்கு ஆவடி வரை பள்ளி சீசன் டிக்கெட் இருப்பதால் செலவில்லை. சனிக்கிழமை மதியம் பெண்கள் பெட்டி காலியாக இருக்கும். ஜன்னலோரம் கிடைக்கும். பட்டாபிராம் தாண்டியதும் என் கை தானாகவே பையில் கணக்குப் புத்தகம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது. பொய்க்கு ஆதாரமாக எடுத்து வந்தது அது.

ஆவடி ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் நடக்கும் தூரம்தான். பூந்தமல்லி பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் நின்றேன். டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். சில்லறையாகக் கொண்டுபோங்கள். நான் பத்து ரூபாய்த் தாளை நீட்டினேன்.

"இன்னாம்மா, காத்தாலேருந்து ஆளாளுக்கு நோட்டா நீட்டிகினு கீறீங்க? நான் இன்னா பேங்கா வச்சினு கீறேன்?" என்றார் கண்டக்டர்.

"சில்லறை இல்லண்ணா."

"எறங்கும்போது ஞாபகப்படுத்து. மறந்துட்டன்னா அது என் பொண்ணு கல்யாணத்துக்கு."

பஸ்ஸே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்துவிட்டார்களே என்று இருந்தது. பருத்திப்பட்டு ஏரி வரும்வரை தலையைக் குனிந்துகொண்டே இருந்தேன். ஏரி இந்த மழைக்கு நிறைந்திருக்கிறது. நீங்கள் போனால் இடது பக்கம், வலது பக்கம் என்று யோசிக்காமல் எந்தப் பக்கம் காற்று வருகிறதோ அந்தப் பக்கம் உட்காருங்கள். கரையான்சாவடி திருப்பத்தில் லாரிகள் அடைத்துக்கொண்டு அரைமணி போயிற்று. கண்டக்டர் மிச்சப் பணத்தை நான் கேட்காமலே கொடுத்துவிட்டார். "கல்யாணம் தள்ளிப் போச்சும்மா," என்றார்.

பூந்தமல்லி பஸ் நிலையத்தில் பூக்காரர்கள் வரிசைக்கு எதிரே கலா நின்றிருந்தாள். அங்கிருந்து பத்து நிமிஷ நடை. பட்டாளத்துக்காரர்களுக்காக முன்பு கட்டிய பழைய ஓட்டு வீடுகள் இருக்கும் தெரு. மாவு மில்லைத் தாண்டி மூன்றாவது கேட். பெயர்ப் பலகை இல்லை. வெளியே சைக்கிள்கள் நிற்கும். அதுதான் அடையாளம்.

அந்த வீட்டின் முறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் போனால் திகைத்துப்போவீர்கள். முற்றத்தில் பெஞ்சும் பாயும் போட்டிருக்கும். முன்னால் ஒரு முக்காலியின் மேல் பெரிய மரப்பெட்டி ரேடியோ. உள்ளே வால்வு, கம்பி எதுவும் கிடையாது. ஒரு ஸ்பீக்கர் மட்டும் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு ஒயர் வீட்டுக்குள் போகிறது. பாடுகிறவர்களும் பேசுகிறவர்களும் உள் அறையில் மைக் முன்னால் இருப்பார்கள். ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கும். வெளியே இருப்பவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது. ரேடியோவின் மேல் சிவப்பு பல்பு எரியும்போது பேசக்கூடாது, கை தட்டக்கூடாது. பல்பு அணைந்த பிறகுதான் கைதட்டல். பாடுகிறவர்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது, ரேடியோ பெயர்தான். முற்றத்தில் உட்காருகிறவர்களை யார், எந்த ஊர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வந்தால் உட்காரலாம், முடிந்தால் போகலாம். கட்டணம் இல்லை.

கலா என்னைப் பின்வாசல் வழியாக உள்ளே கூட்டிப்போனாள். டாலி ஆன்ட்டி கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் அம்பத்தூர் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் கிடாரைக் கீழே வைத்தார்.

"மை காட்! சுவத்துக்கு அந்தாண்ட இருந்து என் பாட்டெல்லாம் திருடின பேபியா நீ? எப்படி வளந்துட்டே மேன்!"

என்னைக் கட்டிக்கொண்டார். அவருடைய வாசனை எனக்குப் பழக்கமில்லை. ஆனால் அந்தச் சிரிப்புச் சத்தத்தை இருட்டிலும் கண்டுபிடித்திருப்பேன். வெளியே உட்காருகிறவர்களுக்கு முகம் காட்டாதது ஏன் என்று கேட்டேன். "மூஞ்சியப் பாத்தா இவ கிழவி, இவன் கறுப்பு, இவ சட்டை கிழிஞ்சிருக்குன்னு பாப்பாங்க. பாட்டக் கேக்கமாட்டாங்க சைல்ட். ரேடியோல யாருக்கும் மூஞ்சி கெடையாது, அதான் எல்லாருக்கும் சொந்தம்," என்றார்.

மூலையில் ஓர் ஆள் தகரம், முறம், கொட்டாங்கச்சி எல்லாவற்றையும் பரப்பி உட்கார்ந்திருந்தார். சேகர். பகலில் லாரிக்குப் பஞ்சர் ஒட்டுபவர். இரண்டாம் சனிக்கிழமைகளில் இடி, மழை, குதிரை எல்லாம் அவர்தான். முறத்தில் அரிசியைச் சாய்த்தால் மழை. கொட்டாங்கச்சி இரண்டைத் தட்டினால் குதிரை. ஒரு பழைய பலகைக் கதவைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்.

"இது எதுக்குண்ணா?"

"ஊடு இல்லாத கதவு. நாடகத்துல யாரு வந்தாலும் இதத்தான் தட்டணும். ஆனா கேக்கறவனுக்கு ஆளு தெரியாது பாரு, அதுக்கு ஒரு ரூல் கீது," என்று தட்டிக் காட்டினார். "தடதடன்னு நிறுத்தாம தட்னா வட்டிக்காரன். ஒரே ஒரு தட்டு, அது தந்திக்காரன். ரெண்டு தட்டி, மூச்சு உட்டு, ஒண்ணு தட்னா..." மூன்றாவது தட்டை மெதுவாகத் தட்டினார். "அது நம்ம ஊட்டு ஆளு. முற்றத்துல கீறவன் எல்லாம் அதக் கேட்டாலே சிரிச்சிடுவான். பயமில்லன்னு அர்த்தம்."

ஐந்து மணிக்குச் சிவப்பு பல்பு எரிந்தது. ஆன்ட்டியின் குரல் வேறு யாருடையதோ போல் மாறிப்போயிற்று. நேயர்களை வரவேற்றார். மாவு மில்லுக்கு ஒரு விளம்பரம் பாடினார்கள்; அதற்குக் கூலி ஒரு தட்டு பஜ்ஜி. கடன்காரனுக்கு பயந்து செத்ததுபோல் படுத்துக்கொள்ளும் ஒரு கிழவனைப் பற்றிச் சின்ன நாடகம். வட்டிக்காரன் தடதடவென்று தட்ட, கிழவன் பெண்டாட்டி ஒப்பாரி வைக்க, நடுவில் மகன் ரெண்டு தட்டு, ஒரு தட்டு தட்ட, பிணம் எழுந்து "வாடா கண்ணு" என்றது. வெளியே சத்தம் போடக்கூடாது என்பதால் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைத் திரையின் ஓரத்தில் பார்த்தேன். அப்புறம் கன்ட்ரி பாட்டுகள். ஒன்று ஒன்றாக. சின்ன வயதில் சுவர் வழியாக மங்கலாகக் கேட்டது இப்போது முழுதாகக் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. துக்கத்தால் இல்லை. காணாமல்போன செருப்பு ஜோடியாகத் திரும்பிக் கிடைத்த மாதிரி.

கடைசிப் பாட்டுப் பாடவேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆன்ட்டி மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சிக்னல் லாம்ப் பாட்டு ஞாபகம் இருக்கா பேபி?"

அது ஆன்ட்டியின் கணவரே எழுதியது. கடைசி வண்டி வரும்வரை விளக்கை அணைக்காதே என்று வீட்டுக்காரிக்குச் சொல்லும் பாட்டு. அம்பத்தூரில் இரவு ரேடியோவை அணைத்தபிறகு ஆன்ட்டி தினமும் அதைப் பாடுவார். எனக்கு மறக்குமா?

"பாட மாட்டேன் ஆன்ட்டி. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா..."

"ரேடியோக்கு மூஞ்சி கெடையாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"பாடும்மா, மழை நான் பாத்துக்கறேன்," என்று சேகர் முறத்தை எடுத்துக்கொண்டார்.

'சிக்னல் ரோஸி' என்று என்னை அறிவித்தார்கள். மைக் முன்னால் நின்றேன். நான் இதுவரை ஒரே ஓர் இடத்தில்தான் மைக் முன்னால் நின்றிருக்கிறேன்: சபையில். பாட்டு எண்ணை அறிவிப்பது என் வேலை. பயத்தில் தலைக்குள் எல்லாம் காலியாகி, பழகிய வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பாட்டு எண் நூற்று இருபத்தேழு. எல்லோரும் எழுந்து நின்று பாடுவோம்."

வெளியே யாராலும் அடக்க முடியவில்லை. சிவப்பு பல்பு எரியும்போதே முற்றம் முழுக்கச் சிரித்துவிட்டது. விளையாட்டுக்காகச் சொன்னதாக நினைத்திருப்பார்கள். நான் வெட்கத்தில் தலையைத் திருப்பினேன். திரையின் ஓரம் கண்ணுக்கு நேராக வந்தது. பொழுது சாய்ந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரே ஓர் ஆள் மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கடைசியில், முருங்கை மரத்தடியில்.

இடது முழங்காலில் கையை ஊன்றி எழும் அந்த விதம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும், நான் எண்ணைச் சொன்னதும், முதல் வரிசையில் முதலில் எழுபவர் அவர்தான். கையில் மஞ்சள் ஒயர்ப் பை. காலையில் அம்மா டிபன் கேரியரை அதில்தான் வைத்துக் கொடுத்தாள்.

அப்பா.

என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஓடியிருக்கவேண்டும். ஆனால் ஆன்ட்டியின் விரல்கள் கிடாரைத் தொடங்கிவிட்டன. பாட்டு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. அந்தப் பாட்டில் குரல் உடையவேண்டிய இடமே அதுதான் என்பதால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சேகர் முறத்தைச் சாய்த்தார். மழை பெய்தது. பக்கத்தில் இருந்தவர் அப்பாவின் சட்டையைப் பிடித்து உட்காரச் சொல்லி இழுத்தார். அப்பா உட்காரவில்லை. பாட்டு முடியும்வரை நின்றார். சபையில் நிற்பதுபோலவே, தலையைக் குனிந்து.

பல்பு அணைந்தது. கைதட்டினார்கள். மறுபடி பார்த்தபோது முருங்கை மரத்தடியில் யாரும் இல்லை.

திரும்பும் பயணத்தைப் பற்றி உங்களுக்கு உதவியாக எழுத அதிகம் இல்லை. ஆறரைக்கு பஸ். ஏறிய ஒவ்வோர் ஆளையும் பார்த்தேன், அப்பா இல்லை. ஆவடியில் ஏழே காலுக்கு ரயில். வீட்டுக்குள் நுழையும்போது அம்மா, "கணக்கு போட்டு மூஞ்சி இப்படி வெளிறிப்போச்சா?" என்றாள். அரைமணி கழித்து அப்பா வந்தார். ஒன்பது மணிக்கு முன்னால் வந்ததற்கு அம்மா காரணம் கேட்டாள். "மிஷின் நின்னுபோச்சி," என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாப்பாட்டு ஜெபம் வழக்கத்தைவிடச் சின்னது. மோர் கேட்டார். அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் நடந்தது. நான் பின்கட்டில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கொசுவுக்காக ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. கரன்ட் போய்விட்டதா என்று பார்த்தால் விளக்கு எரிகிறது. அப்போதுதான் தெரிந்தது, நான் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சட்டென்று நிறுத்தினேன். கூடத்தில் அப்பா மட்டும்தான் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஃபேன் மறுபடி ஓடத் தொடங்கியது.

அது கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு மணி நேரமாக அதையே யோசித்துக்கொண்டு, அரிசி மூட்டை வைக்கும் அறையில் கதவைத் தாழிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள்.

நீங்கள் போவதாக இருந்தால்: சில்லறை கொண்டுபோங்கள். கரையான்சாவடி நெரிசலுக்கு அரைமணி சேர்த்துக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீர் உள்ளே கிடைக்கும், பஜ்ஜி மாவு மில்லின் மனசைப் பொறுத்தது. கொசு கடிக்கும். முற்றத்தில் தெரிந்த முகம் இருந்தால் பார்க்காததுபோல் இருங்கள். அவர்களும் வீட்டில் வேறு ஏதோ சொல்லிவிட்டு வந்தவர்களாக இருக்கலாம். அவர்களும் ஏதோ ஒரு சுவரில் காதை வைத்துக் கேட்டவர்களாக இருக்கலாம்.

யாருக்கும் காட்டாதீர்கள் என்று முதல் பக்கத்தில் கேட்டது எனக்காக. இப்போது இரண்டு பேருக்காகக் கேட்கிறேன். எனக்கு ஹாஸ்டல்தான். ஒரு மூப்பர் அங்கே நின்றார் என்று தெரிந்தால் சபையில் அவரை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நாளை காலை அவர் முதல் வரிசையில் இருப்பார். நான் எண்ணைச் சொல்லவேண்டும். என் குரல் வருமா என்று

கூடத்தில் காலடிச் சத்தம். இந்த அறைப் பக்கம்தான் வருகிறது. இடது காலை மெதுவாக வைக்கும் நடை. விளக்கு வெளிச்சம் கதவுக்குக் கீழே தெரிந்திருக்கும். எழுதுவதை நிறுத்தினால் பயம் இன்னும் அதிகமாகிறது, அதனால் எழுதுகிறேன். கதவுக்கு வெளியே நிற்கிறார். தட்டுகிறார்.

ஒன்று. இரண்டு.

நிறுத்திவிட்டார். மூச்சு விடுவது கேட்கிறது. இப்போது மெதுவாக